டிஎன்பி குடும்ப மருத்துவம்: "அடுத்து என்ன செய்வீர்கள், காரணம் கூறுக" கேள்விகளை எப்படி அணுகுவது?

வைகை_மழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிஎன்பி (தேசியத் தேர்வு வாரியத்தின் முதுநிலை மருத்துவப் படிப்பு) குடும்ப மருத்துவம் மூன்றாம் ஆண்டு, இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மருந்தளவு, வகைப்பாடு, அறிகுறிகள் எல்லாம் படித்தால் மனதில் நிற்கின்றன. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து "அடுத்து என்ன செய்வீர்கள்" என்று கேட்டால்தான் பேனா நகர மறுக்கிறது. நான்கைந்து வழி தெரியும். எதை முதலில் எழுதுவது?

எங்கள் படிப்புக் குழுவில் வாக்குவாதம் ஆன கேள்வி இது. 34 வயதுப் பெண், திருவண்ணாமலை பக்கம் கிராமம், விவசாயக் கூலி வேலை. நவம்பர் மாதம். ஆறு நாளாகக் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பு வலி, லேசான இருமல். பிபி 110/70, நாடித்துடிப்பு 104, சுவாசம் நிமிடத்துக்கு 20, ஆக்சிஜன் 97%. தட்டணுக்கள் 90,000. கல்லீரல் என்சைம் எஸ்ஜிபிடி 110. டெங்கு என்எஸ்1 நெகட்டிவ். டைபாய்டுக்கான வைடால் சோதனை 1:160. வெளியே ஒரு கிளினிக்கில் கொடுத்த செஃபிக்சிம் ஆன்டிபயாட்டிக்கை மூன்று நாள் சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை.

ஒருவர் டெங்கு ஐஜிஎம் (எதிர்ப்பொருள் சோதனை) அனுப்பிவிட்டு அட்மிட் என்றார். இன்னொருவர் டைபாய்டு, செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி என்றார். மூன்றாமவர் மலேரியா ஸ்மியரில் தொடங்கி வயிற்று ஸ்கேன் வரை பெரிய பட்டியல் எழுதினார். எல்லோரிடமும் ஒரு நியாயம் இருந்தது. எந்த அடிப்படையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. மூத்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பொருநை எழுதியது:

தங்கச்சி, அந்தக் கேள்வியில் இரத்த ரிப்போர்ட் இவ்வளவு இருக்கிறது, உடல் பரிசோதனை ஒரு வரிகூட இல்லை. கேள்வி எழுதியவர் வேண்டுமென்றேதான் விட்டிருப்பார். முதல் விடை அங்கேதான் இருக்கிறது: தலை முதல் கால் வரை தோலைப் பாருங்கள்.

மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதம், வயல் வேலை, ஆறாவது நாள் காய்ச்சல், தட்டணு குறைவு, கல்லீரல் என்சைம் ஏற்றம், செஃபிக்சிம் போன்ற செஃபலோஸ்போரினுக்கு அசையாத காய்ச்சல். நம் ஊரில் இந்தக் கூட்டணியைப் பார்த்தால் ஸ்க்ரப் டைபஸ், அதாவது செய்தித்தாள்கள் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதுவது, முதல் வரிசையில் நிற்க வேண்டும். எஸ்கார் என்பது இந்த நோயைப் பரப்பும் பூச்சி கடித்த இடத்தில் வரும், சிகரெட்டால் சுட்டது போன்ற சின்னக் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், மார்புக்கு அடியில், தொப்புள், இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடம், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், பிட்டம். "உடம்புல எங்கயாவது புண்ணு இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார். பெண் செவிலியரை உடன் வைத்துக்கொண்டு, ஒப்புதல் வாங்கி, நல்ல வெளிச்சத்தில் நாம்தான் தேட வேண்டும்.

வைடால் ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டாதீர்கள். டைபாய்டு பரவலாக உள்ள ஊரில் அந்த அளவுக்கு அர்த்தம் குறைவு. ஆறாம் நாளில் என்எஸ்1 நெகட்டிவ் என்பதும் டெங்குவை நீக்கிவிடாது, அது முதல் ஐந்து நாளுக்கான சோதனை.

காவிரிக்கரை எழுதியது:

நான் பொது மருத்துவப் பிரிவில் இருப்பவன், வெளியிலிருந்து ஒரு கேள்வி. எஸ்கார் எல்லோருக்கும் இருக்காது. தேடியும் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? ஐஜிஎம் ரிப்போர்ட் வரும் முன்னாலேயே டாக்சிசைக்ளின் எழுதுவீர்கள் என்றால், செஃபிக்சிம் கொடுத்த அந்த கிளினிக்குக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? நிரூபணம் இல்லாமல் ஆன்டிபயாட்டிக் எழுதாதே என்றுதானே நாம் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறோம்.

தேனிமலை_டாக்டர் எழுதியது:

காவிரிக்கரை சார் கேட்டதுதான் இந்தப் பாடத்தின் மையம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1980இல் பாக்கர், கசிரர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரம் இதுதான். ஒரு நோய் இருக்கும் வாய்ப்பை 0 முதல் 100 வரை ஒரு கோட்டில் வையுங்கள். அந்தக் கோட்டில் இரண்டு புள்ளிகள். கீழ்ப்புள்ளிக்குக் கீழே இருந்தால் சோதனையும் வேண்டாம், சிகிச்சையும் வேண்டாம். மேல்புள்ளிக்கு மேலே போய்விட்டால் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், சிகிச்சையைத் தொடங்கலாம். நடுவில் இருந்தால் மட்டும் சோதனை, ஏனென்றால் அங்கேதான் ரிப்போர்ட் நம் முடிவை மாற்றும். அந்தப் புள்ளிகள் எல்லா நோய்க்கும் ஒரே இடத்தில் இருக்காது. மருந்து எவ்வளவு பாதுகாப்பானது, தாமதித்தால் என்ன ஆகும், இந்த இரண்டும் சேர்ந்துதான் புள்ளியை நகர்த்துகின்றன.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருவோம். டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இரண்டு வேளை, ஏழு நாள். மலிவு, எங்கும் கிடைக்கும், பெரிய ஆபத்து இல்லை. தாமதித்தால் என்ன ஆகும்? ஸ்க்ரப் டைபஸ் இரண்டாம் வாரத்துக்குள் போனால் நுரையீரல் செயலிழப்பு, மூளைக்காய்ச்சல், சிறுநீரகப் பாதிப்பு, ஷாக் (இரத்த ஓட்டம் சரிவது). எனவே இங்கே மேல்புள்ளி ரொம்பத் தாழ்வாக இருக்கிறது. எஸ்கார் கிடைக்காவிட்டாலும் அவர் அந்தப் புள்ளியைத் தாண்டிவிட்டார். இரத்தத்தை ஐஜிஎம் எலைசாவுக்கு அனுப்புங்கள், மாத்திரையை இன்றே தொடங்குங்கள். இதே நோய்க்கான வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை நெகட்டிவ் வந்தது என்று நிறுத்திவிடாதீர்கள், அதன் சென்சிடிவிட்டி (நோய் உள்ளவரைப் பிடிக்கும் திறன்) குறைவு.

இதே பெண்ணுக்கு மூன்று வார இருமல், எடை குறைவு என்றால் காசநோய் மருந்தை இப்படித் தொடங்குவீர்களா? மாட்டீர்கள். ஆறு மாத மருந்து, கல்லீரலைப் பாதிக்கக்கூடியது, எதிர்ப்புத்தன்மை இருக்கிறதா என்று தெரிய வேண்டும். மேல்புள்ளி உயரத்தில் இருக்கிறது. அதனால் சளியை முதலில் சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறோம். ஒரே மருத்துவர், ஒரே நோயாளி, ஒன்றில் சோதனைக்கு முன்பே மருந்து, இன்னொன்றில் சோதனைக்குப் பிறகுதான் மருந்து. இரண்டும் சரி. இந்தக் காரணத்தை ஒரு வரியில் எழுதினால் "காரணம் கூறுக" என்பதற்கு விடை ஆகிவிட்டது.

செஃபிக்சிம் கிளினிக்குக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் சார்: எந்த நோயை நினைத்துக் கொடுக்கிறோம் என்று நமக்குத் தெரியும். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும் என்று எதிர்பார்க்கிறோம். இறங்காவிட்டால் நம் எண்ணத்தை மாற்றிக்கொள்வோம் என்று இன்றே எழுதி வைக்கிறோம். மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவு, சிஸ்டாலிக் (பிபியின் மேல் எண்) 90க்குக் கீழே, இவற்றில் ஒன்று இருந்தாலும் வெளிநோயாளியாக வைத்திருக்கக் கூடாது. தீவிர நோய்க்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பதே தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. அது மேல்சிகிச்சை மையத்தின் வேலை. சரியான நேரத்தில் அங்கே அனுப்புவது நம் வேலை.

இன்னொன்று, 34 வயதுப் பெண் என்று வாசித்தவுடன் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டிருக்க வேண்டும். கர்ப்பம் என்றால் அசித்ரோமைசின். தேர்வுத் தாளில் இந்த ஒரு வரியை எழுதுபவர்கள் குறைவு.

இரவுப்பணி எழுதியது:

சார், நீங்கள் சொல்வது நடைமுறைக்குச் சரி. தேர்வு வேறு. நான்கு தாள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், பத்துக் கேள்வி. ஒரு கேள்விக்கு 18 நிமிடம்தான். திருத்துபவர் கையில் குறிப்புப் பட்டியல் இருக்கும், நாம் எழுதியதில் எத்தனை குறிப்பு ஒத்துப்போகிறதோ அத்தனை மதிப்பெண். ஒரே முடிவை எழுதிவிட்டு அது அவர் மனதில் உள்ள முடிவாக இல்லாவிட்டால் மொத்தமும் போச்சு. எல்லாப் பரிசோதனையையும் எழுதுவதுதானே பாதுகாப்பு? என் சீனியர்கள் எல்லோரும் அப்படி எழுதித்தான் பாஸ் ஆனார்கள்.

தேனிமலை_டாக்டர் எழுதியது:

தம்பி, பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "நீடித்த காய்ச்சலுக்கான காரணங்களைப் பட்டியலிடுக" என்றால் பட்டியல் எழுதுங்கள், அங்கே அதுதான் விடை. "அடுத்து என்ன செய்வீர்கள்" என்றால் அவர் உங்கள் வரிசையைக் கேட்கிறார். மலேரியா ஸ்மியரும் வயிற்று ஸ்கேனும் ஒரே மூச்சில் எழுதினால் எது இன்றைக்கு, எது தேவைப்பட்டால் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றுதான் தாளைப் படிப்பவர் நினைப்பார். அதே சோதனைகளை "இன்றே", "48 மணி நேரத்தில் இறங்காவிட்டால்", "இந்த அறிகுறி வந்தால் மட்டும்" என்று பிரித்து எழுதுங்கள். ஒரு குறிப்பும் விட்டுப்போகாது, முடிவும் தெரியும்.

நாம் ஏன் பட்டியலுக்குப் போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். நாம் படித்தது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். அங்கே வருபவர்கள் ஏற்கெனவே பல கதவு தாண்டி வடிகட்டப்பட்டவர்கள். 1961இல் கெர் ஒயிட் குழுவினர் ஒரு கணக்குப் போட்டார்கள். அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்து 1000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஓர் உடல் தொல்லை வருகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். 5 பேர் வேறொரு மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார்கள். போதனா மருத்துவமனைக்குப் போகிறவர் ஒரே ஒருவர். நாம் ஆறேழு வருடம் அந்த ஒருவரைப் பார்த்துப் படித்துவிட்டு, 250 பேர் வரும் அறையில் வந்து உட்கார்கிறோம்.

அறை மாறினால் சோதனையின் பொருளே மாறும். கணக்காகவே பாருங்கள், தாளிலும் இது கேட்கத் தக்க கணக்கு. ட்ரெட்மில் சோதனைக்கு சென்சிடிவிட்டி 70%, ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவரை இல்லை என்று காட்டும் திறன்) 80% என்று வைத்துக்கொள்வோம். இதய மருத்துவரிடம் அனுப்பப்பட்ட 1000 பேரில் 500 பேருக்கு இரத்தக்குழாய் அடைப்பு இருக்கிறது என்றால், சோதனை 350 பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாத 500 பேரில் 100 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்த 450 பேரில் 350 பேருக்கு நிஜமாகவே நோய், கிட்டத்தட்ட 78%. அதே சோதனையை நம் வெளிநோயாளிப் பிரிவில் நோய் வாய்ப்பு 5% உள்ள 1000 பேருக்குச் செய்யுங்கள். 50 பேரில் 35 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 950 பேரில் 190 பேருக்குத் தவறாகக் காட்டும். பாசிட்டிவ் வந்த 225 பேரில் 35 பேருக்குத்தான் நோய், சுமார் 16%. மீதி 190 பேர் பயத்தோடு ஆஞ்சியோவுக்கு அலைவார்கள், சிலர் நகையை அடகு வைப்பார்கள்.

"எல்லாவற்றையும் எழுதுவது பாதுகாப்பு" என்பதை இந்தக் கணக்கு உடைக்கிறது. பரிசோதனையும் ஒரு தலையீடுதான்.

பொருநை எழுதியது:

சார் போட்ட ட்ரெட்மில் கணக்கை அப்படியே நெஞ்சு வலிக் கேள்விக்குப் பொருத்திப் பார்க்கிறேன்.

38 வயதுப் பெண், பத்து நாளாக இடது மார்பில் குத்துவது போன்ற வலி. மாடி ஏறினால் கூடுவதில்லை. விலா எலும்பு சேரும் இடத்தில் விரலால் அழுத்தினால் "அதேதான் டாக்டர், அதே வலி" என்கிறார். போன மாதம் அவருடைய அண்ணன் 42 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார்.

முதல்நிலை மருத்துவத்துக்கென்றே ஜெர்மனியில் உருவான மார்பர்க் அளவுகோல் இருக்கிறது. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி: ஆண் என்றால் 55 அல்லது மேல், பெண் என்றால் 65 அல்லது மேல், ஏற்கெனவே இரத்தக்குழாய் நோய், உழைப்பில் கூடும் வலி, அழுத்தினால் அந்த வலியை வரவழைக்க முடியாமை, இது இதய வலிதான் என்று நோயாளியே நினைப்பது. 3 அல்லது மேல் வந்தால் இதயக் காரணத்தைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெண்ணுக்கு வருவது 1, அதுவும் கடைசிக் கேள்வியால்.

அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நோயாளி என்ன நினைக்கிறார் என்பது ஓர் அளவுகோலில் புள்ளியாகவே இருக்கிறது. "உங்களுக்கு இது என்னவா இருக்கும்னு தோணுது?" என்று கேட்பது நாகரிகத்துக்காக மட்டும் அல்ல, அது தகவல். ஆஸ்கி (செய்முறைத் தேர்வு) நிலையத்தில் இதைக் கேட்காமல் இசிஜி எடுக்க ஓடுபவர்கள் பெரும்பாலும் அண்ணனின் மரணத்தைக் கேட்டறியாமலே வெளியே வருவார்கள்.

விடை: இசிஜி ஒன்று எடுக்கலாம், வலியில்லாதது, அறையிலேயே ஆகிவிடும். ட்ரெட்மில் வேண்டாம். வலி எங்கிருந்து வருகிறது என்று அவர் விரலையே அங்கே வைத்துக் காட்டி விளக்க வேண்டும். அண்ணனைப் பற்றிப் பேச விட வேண்டும். உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு என்பது அவருக்கும் ஓர் அபாயக் காரணி, ஆகவே பிபி, சர்க்கரை, கொழுப்பு பார்த்து நீண்ட காலத் திட்டம். தூக்கம், மனநிலை பற்றி இரண்டு கேள்வி.

இதற்கு எதிர்ப்பக்கம்: 58 வயது ஆண், சைக்கிள் மிதித்தால் தாடை இறுகுகிறது, நின்றால் விடுகிறது, இன்று காலை உட்கார்ந்திருக்கும்போதே வந்து அரை மணி நேரமாக விடவில்லை. இங்கே அளவுகோலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் இசிஜி, ஆஸ்பிரின் லோடிங் (முதலில் தரும் பெரிய டோஸ்), 108. தமிழக அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் லோடிங் டோஸ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கிறது. கேள்வி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பதாக இருந்தால் அதை எழுதுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

மார்பர்க் விஷயத்தில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு மேடம். அந்த 55 வயது ஜெர்மானியர்களை வைத்து வந்தது. மாரடைப்பு பற்றிய இன்டர்ஹார்ட் என்ற பன்னாட்டு ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயது சராசரியாக 53, மற்ற நாட்டவர்க்கு 59. 44 வயது, புகைப்பவர், பத்து வருடச் சர்க்கரை, உழைப்பில் நெஞ்சு இறுக்கம் என்று ஒருவர் வந்தால் வயதுக்கு 0, சர்க்கரைக்கு 0, புகைக்கு 0. மொத்தம் 2 வரலாம். அளவுகோல் சொன்னது என்று அவரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? நான் அனுப்ப மாட்டேன்.

தேனிமலை_டாக்டர் எழுதியது:

நானும் அனுப்ப மாட்டேன் சார். எந்த அளவுகோலையும் அது பிறந்த ஊரைக் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். நீங்கள் சொன்னதை அப்படியே விடையில் எழுதலாம்: "அளவுகோல் 2 காட்டினாலும், இளம் வயதிலேயே மாரடைப்பு வரும் நம் மக்கள்தொகையையும் சர்க்கரையையும் புகையையும் கணக்கில் எடுத்து, நோய் வாய்ப்பு அதிகம் என்று முடிவு செய்கிறேன்." அளவுகோலை மனப்பாடம் செய்தவருக்கும் புரிந்துகொண்டவருக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

வைகை_மழை எழுதியது:

மிக்க நன்றி, நிறையத் தெளிவாகிறது. இன்னொரு சந்தேகம். எல்லா விடையின் முடிவிலும் "தேவைப்பட்டால் மறுபடி வரவும்" என்று எழுதுகிறோம். அது போதுமா? பாதுகாப்பு வலை என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதானா?

பொருநை எழுதியது:

போதாது. "தேவைப்பட்டால்" என்றால் எப்போது என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்?

ரோஜர் நெய்பர் என்ற பிரிட்டன் குடும்ப மருத்துவர் 1987இல் இந்தப் பாதுகாப்பு வலையை மூன்று கேள்வியாக வைத்தார். நான் நினைத்தது சரி என்றால் என்ன நடக்கும்? தவறு என்றால் அது எனக்கு எப்படித் தெரியவரும்? அப்போது என்ன செய்வேன்? ஒவ்வொரு விடையின் முடிவிலும் இந்த மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும்.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள், இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஏழு வயதுப் பையன், மூன்றாம் நாள் காய்ச்சல், என்எஸ்1 பாசிட்டிவ், நன்றாகக் குடிக்கிறான், எச்சரிக்கை அறிகுறி ஒன்றும் இல்லை. வீட்டில் வைத்துப் பார்க்கலாம், பாராசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடாது. இதுவரை எல்லோரும் எழுதுவார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விடுகிறது. அம்மாவுக்கு நிம்மதி, "ஜுரம் விட்ருச்சு, சரியாயிருச்சு" என்று மறுபரிசோதனைக்கு வர மாட்டார். ஆனால் பிளாஸ்மா கசிவு (இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறுவது) தொடங்கும் நேரமே அதுதான். ஆகவே நம் வாயிலிருந்து முன்கூட்டியே வர வேண்டிய வாக்கியம்: "காய்ச்சல் விட்டதும்தான் ரெண்டு நாள் ரொம்பக் கவனமா பாக்கணும்மா. வயிறு வலிக்குதுன்னு அழுதாலோ, மூணு தடவைக்கு மேல வாந்தி எடுத்தாலோ, பல் ஈறுல மூக்குல ரத்தம் வந்தாலோ, கை கால் சில்லுன்னு ஆனாலோ, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, ரொம்பச் சோர்ந்து படுத்தாலோ ராத்திரின்னு பாக்காம கூட்டிட்டு வாங்க." பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். நாளைக்கு எத்தனை மணிக்கு இரத்தம் பார்க்க வர வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். வண்டி வசதி இருக்கிறதா, இரவில் யார் துணை என்று கேட்க வேண்டும். மலைக்கிராமம், கடைசிப் பேருந்து ஆறு மணிக்கு என்றால் அதே பையனை நான் இன்றே சேர்த்துவிடுவேன். நோய் அதேதான், முடிவு மாறுகிறது. இதையும் காரணமாக எழுதலாம்.

இரவுப்பணி எழுதியது:

இப்படி எழுதினால் 18 நிமிடத்தில் முடியுமா என்பதுதான் என் கவலை அக்கா. ஆனால் நியாயம் புரிகிறது.

வேறொன்று கேட்கிறேன். நான் அமெரிக்க போர்டு தேர்வுக்கான கேள்வி வங்கி ஒன்றில் பயிற்சி செய்கிறேன். அதில் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு 24 முதல் 28 வாரத்தில் 50 கிராம் குளுக்கோஸ், அது கூடினால் 100 கிராம் மூன்று மணி நேரச் சோதனை என்று விடை. பிபி 130/80 ஆனாலே உயர் இரத்த அழுத்தம். நம் தாளில் எதை எழுத?

பொருநை எழுதியது:

நம் தாளில் நம் நாட்டு வழிகாட்டுதல். கர்ப்பகாலச் சர்க்கரைக்கு டிப்சி முறை: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரத்தில் 140 அல்லது மேல் என்றால் உண்டு. முதல் வருகையிலேயே ஒரு முறை, நெகட்டிவ் என்றால் 24 முதல் 28 வாரத்தில் மறுபடி. சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா முன்னின்று கொண்டுவந்தது. ஏன் இந்த முறை என்று யோசித்தால் மறக்காது: வெறும் வயிற்றோடு பேருந்து ஏறி வந்து மூன்று மணி நேரம் உட்காரக் கர்ப்பிணியிடம் கேட்பது நம் ஊரில் நடக்காது, அனுப்பினால் திரும்பி வராமலே போகலாம். பிபிக்கு நம் தேசியத் திட்டம் 140/90. 130/80 என்பது 2017 அமெரிக்க வரையறை.

கேள்வி வங்கியைக் கைவிட வேண்டாம். யோசிக்கப் பழகுவதற்கு நல்லது. ஒவ்வொரு கேள்வியையும் முடித்ததும் "இதே ஆள் அறந்தாங்கியில் வந்தால்?" என்று மாற்றி ஒரு விடை எழுதிப் பாருங்கள்.

கூடவே, எந்த வங்கியிலும் சரியாக வராத ஒரு வகையையும் சொல்லிவிடுகிறேன். 74 வயது அம்மா, தனியாக இருக்கிறார். முற்பகலில் தலைச்சுற்றல், வேர்வை, கை நடுக்கம். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.4. "சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் உள்ளது, தலைச்சுற்றலுக்கு மாத்திரை" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை அட்டை ஒன்றில் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு. தனியார் கிளினிக்கில் எழுதிய இன்னொரு அட்டையில், வேறு பெயரில், வேறு நிறத்தில், அதே கிளிமிபிரைடு மெட்ஃபார்மினோடு சேர்ந்து. இரண்டையும் காலையில் போட்டுக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை விரதம் வேறு. ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 38, குறைவு.

இந்த வயதில், தனியாக இருப்பவருக்கு, 6.4 என்பது வெற்றி அல்ல, ஆபத்து: சர்க்கரை மிகத் தாழ்ந்துதான் இந்தத் தலைச்சுற்றல். கிளிமிபிரைடை நிறுத்த வேண்டும், மெட்ஃபார்மினை நாளுக்கு 1000 மி.கி.க்குள் வைக்க வேண்டும், இலக்கை 8க்குக் கீழே என்று தளர்த்த வேண்டும். அறிகுறி வந்த நேரத்தில் விரல் நுனிச் சர்க்கரை. கீழே விழுந்தாரா என்று கேட்க வேண்டும். எழுதிய மருந்தை நிறுத்துவதும் ஒரு சிகிச்சை முடிவு. கடைக்குப் போய் மாத்திரை வாங்கித் தரும் பேரனிடம் அதை விளக்காவிட்டால் அடுத்த மாதமும் இரண்டு அட்டையும் வாங்கி வந்துவிடுவான்.

காவிரிக்கரை எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். உங்கள் துறையை இன்னும் மரியாதையோடு பார்க்கிறேன். என் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி போடுகிறேன், யாராவது முயலுங்கள். ஆகஸ்ட், அதிகாலை ஐந்து மணி, ஆரம்ப சுகாதார நிலையம். ஒன்பது வயதுச் சிறுமி, தரையில் பாய் விரித்துத் தூங்கியவள். மூன்று மணிக்கு வயிற்று வலி, இரண்டு வாந்தி. இப்போது "கண்ணைத் திறக்கவே மாட்டேங்குறா" என்று தூக்கி வந்திருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை. உடம்பில் கடித்த தடம் எதுவும் தெரியவில்லை.

வைகை_மழை எழுதியது:

முயல்கிறேன். தவற விடக் கூடாத முதல் காரணம் கட்டுவிரியன் கடி. இரவில் தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும், வலி இருக்காது, தடம் தெரியாமலே போகலாம். வயிற்று வலியோடு தொடங்கி இமை தொங்கினால், வேறொன்று நிரூபணமாகும் வரை அதுதான்.

இன்றே, இந்த அறையிலேயே: மூச்சு வழி, ஆக்சிஜன், பேச முடிகிறதா, விழுங்க முடிகிறதா, கழுத்தைத் தூக்க முடிகிறதா. 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை செய்வேன், ஆனால் இரத்தம் உறைந்தாலும் கட்டுவிரியனை நீக்க மாட்டேன், அதன் நஞ்சு நரம்பைத் தாக்குவது. இமை தொங்குவதே நஞ்சு ஏறிய அறிகுறி, ஆகவே மேல்புள்ளி தாண்டியாகிவிட்டது. பாம்பைப் பார்த்தவர் யாராவது வருவார்கள் என்று காத்திருக்காமல் நஞ்சுமுறி 10 குப்பி தொடங்குவேன், குழந்தைக்கும் பெரியவர்களுக்கான அதே அளவு. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைப்பேன். நியோஸ்டிக்மின், அட்ரோபினோடு ஒரு முறை கொடுத்துப் பார்க்கலாம், கட்டுவிரியனுக்கு அதை நம்பி இருக்க முடியாது. மூச்சுத் தசை எந்த நேரமும் தளரலாம் என்பதால் வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையும் அதை அழுத்தத் தெரிந்த செவிலியரும் உடன் வர 108இல் அனுப்புவேன்.

காவிரிக்கரை எழுதியது:

முழு மதிப்பெண். ஒரே ஒரு சேர்க்கை: அனுப்பும் கடிதத்தில் நஞ்சுமுறி தொடங்கிய நேரத்தையும், அப்போது இமை எவ்வளவு திறந்திருந்தது, மூச்சு எத்தனை என்பதையும் எழுதுங்கள். இங்கே வாங்கிக்கொள்ளும் எங்களுக்கு, குழந்தை மோசமாகிறதா தேறுகிறதா என்று சொல்ல அந்த ஒரு வரிதான் இருக்கும்.